அங்குராஜோட கேட்டகிரி

நான் தப்பாப் போடறவ இல்லீங்க. அத மொதல்லயே சொல்லீர்றேன். முப்பத்தொரு வருசமா டைம் ஆபீஸ்ல உக்காந்திருக்கறேன். எவன் எத்தன மணிக்கு உள்ள வந்தான், எத்தன மணிக்கு வெளிய போனான், எவனுக்கு லீவு, எவனுக்கு ஓவர்டைம், எல்லாம் இந்தக் கை வழியாத்தான் போச்சு. கோகிலாக்கா, நீ தப்பாப் போட்டுட்டேன்னு ஒருத்தன் வந்து என்ற முன்னால நின்னதில்ல. கணபதியில எங்க பவுண்டரி கேட்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கறீங்களா? ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கறானுங்க, ஒரே தூசி. ம், போதுமுங்க.

உங்களைப் பாத்தாப் பொறுமையாக் கேக்கறவங்க மாதிரித் தெரியுது, அதுதான் பேசறேன். அன்னூர்ல பஸ் ஏறுனதுல இருந்து யாரு கிட்டயாச்சும் சொல்லோணும்னு இருக்குது. தெரிஞ்சவங்க கிட்ட வாயத் தொறந்தா நாளைக்கு டீ டயத்துக்குள்ள பவுண்டரி பூராவும் பரவீரும். நீங்க யாரோ, நான் யாரோ. இறங்குனா மறந்துருவீங்க.

ஆறு வருசத்துக்கு முன்னால எங்க கம்பெனில புதுசா ஒரு சாப்ட்வேர் போட்டாங்க. அதுக்கு முன்னால பெரிய நோட்டுத்தான். அவனவன் என்ன வேலை பாக்கறானோ அதக் கையில எழுதி வெப்போம். காலைல கிரைண்டிங், மத்தியானம் லோடு ஏத்தறதுன்னுகூட எழுதியிருப்பேன். சாப்ட்வேர்ல அதெல்லாம் ஆகாதுங்க. ஒரு ஆளுக்கு ஒரு கேட்டகிரிதான். பேருக்கு நேரா ஒரு கட்டம் இருக்கும். அதத் தொட்டாப் பதினாலு கேட்டகிரி வரிசையாக் கீழ எறங்கும். அதுல ஒண்ணத் தொடோணும். தொடாம அடுத்த ஆளுக்குப் போக விடாது.

சொல்லிக் குடுக்க வந்த பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சுங்க, மேடம், இந்தக் கட்டத்துல இருந்துதான் மத்தது எல்லாமே வரும்னு. அடையாள அட்டைல என்ன அச்சடிக்கறது, ஸ்டோர்ஸ்ல யாருக்கு மாஸ்க் குடுக்கறது, வருசத்துக்கு ஒருக்கா நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு யாரைக் கூப்படறது, எல்லாம் கேட்டகிரியப் பாத்து அதுவே எடுத்துக்குமாம். நான் தலையாட்டிக்கிட்டேன். நானூத்திப் பன்னண்டு பேரு. நாலே நாளுல போட்டு முடிச்சேன். எங்க மேனேஜர் கிரிதர் சார், எல்லாரையும் வரச்சொல்லி எனக்குக் கை தட்ட வெச்சாரு.

அங்குராஜுக்கு நான் 'பெட்லிங்'னுதான் போட்டேன். இதக் கவனிச்சு வெச்சுக்கோங்க. மொதல்ல நான் சரியாத்தான் போட்டேன்.

பெட்லிங்னா உங்களுக்குத் தெரியாதுங்களே. இரும்பக் காச்சி மணல் அச்சுல ஊத்துவாங்க. ஆறுனதுக்கு அப்பறம் எடுத்தா மணல் ஒட்டிட்டு இருக்கும், ஓரமெல்லாம் பிசிறு நிக்கும். அதக் கிரைண்டர்ல வெச்சுத் தேச்சு எடுக்கறதுதான் பெட்லிங். அந்த ஷெட்டுக்குள்ள போனா எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. நான் முப்பத்தொரு வருசத்துல ஒரு பத்துத் தடவ போயிருப்பேன். போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்குச் சளி கருப்பா வரும்.

அங்குராஜு அப்பன் இல்லாத பையன். அப்ப அவனுக்கு இருவத்தேழு வயசு. மத்தியானம் சோத்துப் போசியத் தூக்கிட்டு எங்க ஆபீஸ் படியிலதான் வந்து உக்காருவான். ரசம் நல்லா இருந்தா எனக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுப்பான். எனக்குன்னு யாருங்க இருக்கறாங்க? கல்யாணமும் ஆகல, ஒண்ணும் ஆகல. அவன் அக்கான்னு கூப்பிட்டா எனக்குக் கூடப் பொறந்தவன் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

அவனுக்குப் பொண்ணு தேடுனாங்க. இப்பல்லாம் பொண்ணு வீட்டுல மொதல்ல ஜாதகமா கேக்கறாங்க? கம்பெனி அடையாள அட்டையப் போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்புங்கறாங்க. இவன் அட்டைல பேருக்குக் கீழ கொட்டை எழுத்துல 'பெட்லிங்'னு இருக்குது. ரெண்டு எடம் தட்டிப் போச்சு. அந்த ஷெட்டு ஆளுங்களுக்கு ஆயுசு கம்மின்னு பல்லடம் வரைக்கும் பேச்சு இருக்குது பாருங்க. மூணாவதா சேவூர்ல இருந்து ஒரு எடம் வந்துச்சு. பொண்ணு பேரு சுகந்தி. நல்ல குடும்பம். இவன் என்ற முன்னால வந்து நின்னு கையப் பெசஞ்சான்.

"அக்கா, நிச்சயம் முடியற வரைக்கும் மட்டும்"னான்.

மனசு கேக்கலீங்க. புதுச் சாப்ட்வேர்ங்கறதனால, போட்டதுல தப்பு இருந்தாத் திருத்திக்கங்கன்னு மூணு மாசம் தொறந்து விட்டிருந்தாங்க. யாரையும் கேக்க வேண்டியதில்ல. என்ற பாஸ்வேர்டு போதும். கட்டத்தத் தொட்டேன், 'மேற்பார்வையாளர்'ங்கறதத் தொட்டேன். புது அட்டை அச்சடிச்சுக் குடுத்தேன். அவன் சம்பளத்துல எல்லாம் நான் கை வெக்கல. அது மட்டும் இந்தக் கட்டத்துல இருந்து வராது, அக்கவுண்ட்ஸ்ல தனியாப் போடறது. சேவூர்ல இருந்து பொண்ணோட அப்பாவே ஆபீசுக்குப் போன் பண்ணுனாரு, ஏனுங்கம்மா, பையன் சூப்பர்வைசருங்களான்னு. ஆமாங்க, பத்துப் பேர மேய்க்கறவன்னு நாந்தான் சொன்னேன்.

கல்யாணத்துல என்னை மொத வரிசைல உக்கார வெச்சாங்க. கெத்தா இருந்துச்சு. இந்தக் கல்யாணம் நான் பண்ணி வெச்சதுன்னு நெனச்சேன். இன்னிக்கும் அப்படித்தான் நெனைக்கறேன்.

கல்யாணம் முடிஞ்சதும் திருப்பி மாத்தியிருக்கலாமேங்கறீங்க. மாத்தப் போனனுங்க. ஏன் போகாம? கல்யாணம், விருந்து, ஆடின்னு நாளு ஓடிப்போச்சு. நான் போயித் தொட்டப்ப அந்த மூணு மாசம் முடிஞ்சிருந்துச்சு. இப்ப கட்டத்தத் தொட்டா, காரணம் எழுதுங்குது, மேனேஜர் ஒப்புதல் வேணுங்குது. கிரிதர் சார் கிட்டப் போயி என்னன்னு சொல்றது? ஒருத்தனுக்குப் பொண்ணு அமையோணும்னு பொய்க் கேட்டகிரி போட்டேன் சார்னா? கை தட்டச் சொன்ன மனுசன் கிட்ட அதச் சொல்ல முடியுங்களா? கட்டத்துல என்ன இருந்தா என்ன, அவன் கையில கிரைண்டர்தான இருக்குதுன்னு விட்டுட்டேன்.

மொத வருசம் எக்ஸ்ரே லிஸ்ட்டு வந்துச்சு. முன்னெல்லாம் அந்த லிஸ்ட்ட நான் ஷெட்டு ஷெட்டாப் போன் போட்டு விசாரிச்சுக் கையில எழுதுவேன். இப்ப அது தானா வந்து விழுகுது. நான் நோட்டீஸ் போர்டுல ஒட்டறதோட சரி. அங்குராஜு வந்து தேடிப் பாத்துட்டு, என் பேரு வரலியே அக்கான்னான். நான் கேலியாச் சொன்னேன்.

"சூப்பர்வைசருக்கு எதுக்குடா எக்ஸ்ரே?"

அவனும் சிரிச்சான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அடுத்த வருசம் அவன் கேக்கல. அதுக்கடுத்த வருசமும் கேக்கல. கேட்டிருந்தா நான் எதாச்சும் பண்ணியிருப்பேன். கேக்காம இருந்தது அவன் தப்புத்தானுங்களே?

மாஸ்க்கு விசயம் எனக்குத் தெரியவே தெரியாதுங்க. அதாவது, ஒரு தடவ ஸ்டோர்ஸ்ல இருந்து போன் வந்துச்சு. இந்த ஆளு வந்து பில்டர் மாஸ்க் கேக்கறான், அட்டைய வெச்சா மெசின் குடுக்காதுங்குது, என்ன பண்றதுன்னு கேட்டாங்க. சிஸ்டம் சொல்றபடி பண்ணுங்கன்னுட்டேன். வேற என்ன சொல்றது? ஆடிட் சமயம் அது. அதுக்கப்பறம் அவன் மூஞ்சில துண்டக் கட்டிட்டு வேலை பாத்தானாம். யாரோ சொன்னாங்க. நான் பாக்கல.

இந்த மாசியில இருந்து இருமல். மொதல்ல சளின்னு நெனச்சான். படி ஏறுனா மூச்சு வாங்குது, பேன்ட்டு இடுப்புல நிக்கல, கயிறு போட்டுக் கட்டிட்டு வந்தான். நாந்தான் டாக்டரைப் பாருடான்னு வெரட்டுனேன். அதையும் சொல்லோணுமில்ல? டாக்டரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு மொதக் கேள்வியே, எங்க வேலை பாக்கறேன்னுதான் கேட்டாராம். நுரையீரல்ல தூசி படிஞ்சு கெட்டியாயிருச்சு. இனி நல்லாகாது, மேல போகாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான்னு சொல்லீட்டாரு. முப்பத்து மூணு வயசுங்க அவனுக்கு. எனக்குச் சேதி வந்த அன்னிக்குச் சோறு எறங்கல. பொய் சொல்லல, நெசமா எறங்கல.

வேலையால வந்த சீக்குன்னு ஆச்சுன்னா, ஆயுசு பூராவும் வைத்தியம் நடக்கும், வீட்டுக்கும் மாசாமாசம் ஒரு தொகை வரும். இல்லைன்னா ஒண்ணும் கெடையாது. இனி அவனால ஒரு வாளித் தண்ணி தூக்க முடியாது. அதனால டாக்டரோட கடுதாசியக் கொண்டாந்து கம்பெனில குடுத்தான். விசாரணை வெச்சிருக்கறாங்க. நாளான்னிக்கு.

கிரிதர் சார் சிஸ்டத்தத் தொறந்து பாத்தாரு. மேற்பார்வையாளர், அஞ்சு வருசம் பத்து மாசமா. அவரு மூஞ்சி தெளிஞ்சிருச்சு. இந்த ஆளு தூசி ஷெட்டுலயே இல்லையே, அப்ப இது நம்ம தலைல விழாதுன்னாரு. அப்பறம் என்னைக் கூப்பிட்டாரு. கண்ணாடி ரூமு. கதவச் சாத்தச் சொன்னாரு.

"கோகிலா, சிஸ்டத்துல இருக்கறது சரிதான?"

அந்த எடத்துல சொல்லியிருக்கலாமுங்க. நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஆனா அவரு ஸ்கிரீன என்ற பக்கம் திருப்பி வெச்சிருந்தாரு. யாரு மாத்துனது, எந்தத் தேதி, எத்தன மணி, எல்லாம் அதுல எழுதியிருக்குதுங்க. என்ற பேரு அங்க இருக்குது. நான் தொட்டது அத்தனையும் அது பத்தரமா வெச்சிருக்குது. எனக்குத் தெரியவே தெரியாது. அவரு சத்தமாக் கூடப் பேசலீங்க. சரியாப் போட்டிருந்தா நல்லது, பொய்யாப் போட்டிருந்தா அது உங்க மேலதான் வரும், மூணு வருசத்துல ரிட்டையர் ஆகப் போறீங்கன்னாரு.

"சரிதான் சார்"னேன்.

பாருங்க, யோசிச்சாத்தான் தெரியும். எல்லாரும் என்னைக் குத்தம் சொல்றதுக்குத் தயாரா இருப்பாங்க. சாப்ட்வேர் கொண்டாந்தது நானா? ஒரு ஆளுக்கு ஒரு கேட்டகிரின்னு சொன்னது நானா? மூணு மாசத்துல மூடுனது நானா? கூட வேலை பாத்தவனுங்க சொல்லலாமில்ல? சொல்ல மாட்டானுங்க. பாதிப் பேரு வடக்கத்திப் பசங்க, வந்த சோட்டுல போயிருவானுங்க. மீதிப் பேருக்கு அவனவன் வேலை முக்கியம். அப்ப நான் மட்டும் என்னத்துக்குங்க தலையக் குடுக்கோணும்?

கிரிதர் சார் ஒரு பேப்பர டைப் பண்ணிக் குடுத்தாரு. நான் இன்ன தேதியில இருந்து மேற்பார்வை வேலைதான் பாத்தேன், பெட்லிங் ஷெட்டுல வேலை பாக்கலைன்னு அங்குராஜு சொல்ற மாதிரி. அதுல அவன் கையெழுத்துப் போடோணும், ரெண்டு சாட்சி போடோணும். அவன் உங்க பேச்சத்தான் கேப்பான், நீங்களே போயிட்டு வாங்கன்னாரு. இன்னிக்கு எனக்கு ஆன் டூட்டி.

அன்னூருக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துக்குள்ள லைன் வீடு. நான் போனப்ப அங்குராஜு கட்டில்ல செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். படுத்தா மூச்சு முட்டுதாம். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். அக்கா வந்திருக்கறாங்க, காப்பி போடுன்னு சொல்றதுக்குள்ள மூணு தடவ இருமீட்டான். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, சேவூர்ல இருந்து அவன் மாமனாரும் வந்திருந்தாரு, மாப்பிள்ளையப் பாக்கறதுக்கு.

அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுங்க. ஆறு வருசமா மாப்பிள்ளை சூப்பர்வைசருன்னுதான் ஊரெல்லாம் சொல்லீட்டு இருக்கறாரு. சுகந்திக்குத் தெரியும். சட்டை தொவைக்கறவளுக்குத் தெரியாமப் போகுங்களா? கல்யாணமான மொத மாசத்துலயே தெரிஞ்சு போச்சு. ஆனா அப்பன் கிட்ட மூச்சு விடல. புருசனக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவளும் அதக் காப்பாத்தீட்டு வந்திருக்கறா.

நான் பேப்பர எடுத்தேன். ஆபீஸ் ரிக்கார்டுக்குடா, உன்ற கேட்டகிரியச் சரி பாக்கறாங்கன்னேன். மாமனாரு கைய நீட்டி வாங்கி, கண்ணாடியப் போட்டுட்டுச் சத்தமாப் படிச்சாரு. மேற்பார்வையாளராகப் பணிபுரிந்து வருகிறேன்னு வந்த எடத்துல நிறுத்தி, தலையத் தூக்கி மாப்பிள்ளையப் பாத்தாரு. பெருமைங்க அவருக்கு. மொத சாட்சி நான் போடறேன்னு அவரே பேனாவக் கேட்டாரு. எனக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு.

அங்குராஜு பேப்பரப் பாக்கலீங்க. என்னைப் பாத்தான். அவன் என்ன சொல்ல முடியும்? இல்லீங்க மாமா, நான் கிரைண்டர்காரன், ஆறு வருசமா உங்களை ஏமாத்தீட்டேன்னா? அதுவும் கட்டில்ல உக்காந்துட்டு, மூச்சு விட முடியாம? அப்பறம் கேட்டான்.

"அக்கா, இதுல போட்டா நல்லதுதான?"

"நல்லதுதான், போடு சாமி"ன்னேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவன் போட்டான். இருமீட்டே போட்டதுல கையெழுத்துக் கோணலா விழுந்துருச்சு. ஆனா அவன் கையெழுத்துத்தான்.

சுகந்தி காப்பி கொண்டாந்து வெச்சா. ரெண்டாவது சாட்சிக்கு நீ போட்டுரு கண்ணுன்னு பேப்பர நீட்டுனேன். அவ நின்னுட்டே படிச்சா. பன்னண்டாவது படிச்சவ, நிதானமாப் படிச்சா. படிச்சு முடிச்சு, அவ அப்பாவ ஒரு தடவ பாத்தா, புருசனப் பாத்தா, பேப்பர மடிச்சு என்ற கையிலயே குடுத்துட்டா. அவ அப்பா முன்னால ஒண்ணும் பேசல. கெட்டிக்காரி. வாசல் வரைக்கும் என்ற கூடவே வந்தா. கொரல உசத்தாமச் சொன்னா.

"அக்கா, இந்தப் பேப்பர்ல இருக்கறவருக்கு ஒரு நோவும் இல்ல. உள்ள இருமறவரு வேற ஆளு. அவருக்கு யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

என்ன திமிரு பாருங்க. நான் இல்லாட்டி இவளுக்கு இந்தக் கல்யாணமே இல்ல. அத நெனச்சுப் பாக்கறாளா? எனக்கு அழுகையா வந்துச்சு. வாசல்லயே செருப்பத் தேடற மாதிரிக் குனிஞ்சுட்டேன். அவளுக்கு என்ன, வயசு இருக்குது, அப்பன் வீடு இருக்குது. எனக்கு இந்த நாற்காலிய விட்டா என்ன இருக்குது? வாடகை வீடு, ஒரு சர்க்கரை மாத்திரை டப்பா. அங்குராஜு மேல எனக்குப் பாசம் இல்லாம இல்லீங்க. அவன் என்ற தம்பி மாதிரி. விசாரணை முடிஞ்சதும் ஆபீஸ்ல எல்லாரு கிட்டயும் வசூல் பண்ணி அவனுக்கு ஒரு தொகை குடுக்கலாம்னு இருக்கறேன். நானே மொதல்ல பேரெழுதுவேன். அதையெல்லாம் யாரு பேசுவாங்க?

கோவில்பாளையம் தாண்டிட்டமா? அப்ப இன்னும் அரை மணி நேரம்தான். நாலு மணிக்குள்ள இது கிரிதர் சார் மேசைல இருக்கோணும். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் வாங்க மாட்டாரு. அவரு அப்படித்தான்.

உங்க கிட்ட ஒரு ஒத்தாச கேக்கறனுங்க. இங்க பாருங்க, இந்தா, இந்தக் கடைசிக் கோடு. பேரு, ஊரு, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். படிக்கோணும்னு கூட இல்ல. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது, யாரும் தேடிட்டு வர மாட்டாங்க. அவன் போட்டத நீங்க கண்ணுல பாக்கலதான். ஆனா நான் ஒண்ணு விடாமச் சொல்லீட்டேன், நீங்களும் கேட்டுட்டீங்க. அது பாத்த மாதிரித்தானுங்க. இந்தாங்க பேனா.

ஏனுங்க, எந்திரிக்கறீங்க? பஸ்ஸு இன்னும் நிக்கவே இல்லீங்களே. முன்னால எடமே இல்ல பாருங்க, நின்னுட்டா வரப் போறீங்க?

சரீங்க, விடுங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாம். உங்க பேர மட்டும் சொல்லீட்டுப் போங்க. மீதிய நான் போட்டுக்கறேன்.